செதிலுக்கு மேலே இருக்கும் தோல்

மீனின் உடம்பில் எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் செதில் என்றுதான் சொல்வார்கள். பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, கத்தியால் சுரண்டினால் முதலில் கையோடு வருவதும் அதுதான். ஆனால் மீன் தோலை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் செதில் வெளியே இல்லை. அது தோலின் உள்ளடுக்கில், தனக்கென்று இருக்கும் ஒரு பைக்குள் செருகிக் கிடக்கிறது. அதற்கு மேலே, முழுக்க உயிருள்ள செல்களாலான ஒரு மெல்லிய படலம் ஓடுகிறது. அந்தப் படலத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மீனின் உடம்பில் இவ்வளவு வேலை செய்துவிட்டு இவ்வளவு குறைவாகப் பேசப்படும் பகுதி வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

நம் தோலோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். நம் மேல்தோலின் கடைசி அடுக்கு செத்துப்போன செல்கள். கரு போய், உள்ளே கெரட்டின் என்ற கடினமான புரதம் நிரம்பி, தட்டையாகிக் காய்ந்து, நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கும். காற்றில் வாழும் உயிருக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் உள்ள நீர் நிற்காது. தண்ணீரிலேயே இருக்கும் மீனுக்குக் காய்ந்துபோகும் கவலை கிடையாது. அதனால் பெரும்பாலான எலும்பு மீன்களின் மேல்தோலில் அந்தச் செத்த அடுக்கே இல்லை. அடி வரிசையிலிருந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி வரிசைவரை ஒவ்வொரு செல்லும் உயிரோடு இருக்கிறது, அதற்குள் கரு இருக்கிறது, தேவைப்பட்டால் அது பிரிந்து பெருகவும் செய்கிறது. விதிவிலக்குகள் உண்டு. கெண்டை வகை ஆண் மீன்களின் தலையில் இனப்பெருக்கக் காலத்தில் எழும்பும் வெள்ளை முண்டுகளில் கெரட்டின் ஏறிய செல்கள் இருக்கும், வேகமாக ஓடும் தண்ணீரில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சில மீன்களின் உதட்டிலும் அடிப்புறத்திலும் அப்படித்தான். மற்றபடி மீன் என்றால் ஓரம் வரைக்கும் உயிர்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீன் தோலில் தெரியும் மீதி எல்லாம் தானாகப் பிடிபட ஆரம்பிக்கும்.

ஸ்லைடு செய்வது அவ்வளவு சுலபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செதிலில் சுண்ணச்சத்து இருப்பதால் அப்படியே மெழுகில் பதித்து மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் வெட்டினால் கத்தி செதிலில் பட்டு, அதைச் சுற்றியுள்ள தசையையும் தோலையும் கிழித்துக்கொண்டு போய்விடும். முதலில் அந்தத் தாது கரைந்து போகும்படி ஊற வைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் செதிலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு இடைவெளி தெரியும், பாதி நேரம் அது செதில் பை, பாதி நேரம் வெட்டும்போது பிரிந்துகொண்ட விரிசல். இன்னொன்று, பதப்படுத்தும்போது ஆல்கஹாலில் மாற்றி மாற்றி முக்கி எடுப்பதில் தோலின் மேல் வழவழப்பாகப் படிந்திருந்த கோழை பெரும்பாலும் கழுவிப் போய்விடும். ஆக, நாம் ஸ்லைடில் பார்ப்பது தண்ணீரில் மீன் இருந்தபடி இருக்கும் தோல் அல்ல, மேல் உறை போன தோல். பாடப்புத்தகப் படங்கள் பலவற்றில் மேல்தோலே காட்டப்படாமல் செதில்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வரைவதற்கு இன்னும் ஒரு கோடுதான், அதைப் போட்டுவிட்டால் படிக்கிற பிள்ளைக்கு முழுப் படமும் மாறிவிடும்.

சரி, மேலிருந்து கீழே இறங்குவோம். வெளி வரிசைச் செல்களைச் சாதாரண நுண்ணோக்கியில் பக்கவாட்டு வெட்டில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தட்டையான செல்கள், அவ்வளவுதான். ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மேலிருந்து பார்க்கும்போதுதான் கண் விரியும். ஒவ்வொரு செல்லும் ஐந்து பக்கமோ ஆறு பக்கமோ உள்ள ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் வளைந்து நெளிந்து, சில இடத்தில் கிளை பிரிந்து, சில இடத்தில் சுழன்று ஓடுகின்றன. இவற்றுக்கு நுண்மேடுகள் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒரு மேட்டின் அகலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கைவிடச் சிறியது. உள்ளே ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் கட்டாக நிற்கின்றன. ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு மீனான வரிக்குதிரை மீனின் குஞ்சுகளில் இவை உருவாவதைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்: முதலில் செல்லின் மேல் தனித்தனி முளைகளாகத்தான் எழும்புகின்றன, அப்புறம் செல்லின் மேற்பரப்பு சுருங்கச் சுருங்க அந்த முளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட மேடுகளாகின்றன. பக்கத்துச் செல்லோடு சேரும் எல்லையில் மேடு இரட்டையாக ஓடும், அதை வைத்தே செல் எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த மேடுகள் எதற்கு என்பதற்குப் பெரும்பாலானோர் சொல்வது, கோழை வழுக்கிப் போகாமல் பிடித்து வைக்க. தோல் இழுபடும்போது விரிந்து கொடுக்க உபரிப் பரப்பாகவும் இது பயன்படலாம் என்பார்கள். எனக்கு முதல் காரணம்தான் அதிகம் பிடிக்கிறது, ஏனென்றால் வெளி வரிசை உயிருள்ள செல்லாக இருப்பதால் அதற்கு மேலே எப்போதும் ஒரு உறை நின்றே ஆக வேண்டும்.

அந்த உறையைத் தயாரிப்பவை கோழைச் செல்கள். மேல்தோலின் நடுவிலோ அடியிலோ உருவாகி, உள்ளே கோழைத் துகள்களை நிரப்பிக்கொண்டே மேலே ஏறி வந்து, வெளி வரிசையில் இரண்டு மூன்று செல்கள் சந்திக்கும் இடத்தில் வாய் திறந்து கொட்டும். வழக்கமான ஹிமடாக்சிலின், ஈயோசின் சாயத்தில் இவை வெறும் ஓட்டைகள் மாதிரி வெளிறித் தெரியும். சர்க்கரைப் பொருளைக் காட்டும் பிஏஎஸ் சாயம் போட்டால் அடர்ந்த ரோஜா நிறம் ஏறும், ஆல்சியன் நீலம் போட்டால் அமிலத்தன்மை உள்ள கோழை நீலமாகும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே தோல் துண்டில் ரோஜா, நீலம், ஊதா என்று மூன்று விதமாகச் செல்கள் வரிசையாக நிற்பது தெரியும். ஒரே மீனில் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. தண்ணீரின் உப்பு மாறினாலோ ஒட்டுண்ணி பிடித்தாலோ மீனுக்கு நெருக்கடி வந்தாலோ இந்தச் செல்களின் எண்ணிக்கையும் அளவும் நிறமும் மாறும், அதனால்தான் மீன் நோய் ஆய்வில் தோல் வெட்டையும் பார்க்கச் சொல்வார்கள்.

கோழை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மியூசின் என்ற சர்க்கரை ஏறிய நீண்ட புரதங்கள், பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம், நுண்ணுயிரைக் கொல்லும் சிறு புரதத் துண்டுகள், எதிர்ப்பொருள்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும். குளிர்காலத் தட்டைமீன் ஒன்றின் தோல் கோழையிலிருந்து 1997இல் பிரித்தெடுத்த புளூரோசிடின் என்ற துண்டில் இருப்பது வெறும் 25 அமினோ அமிலங்கள், அது பாக்டீரியாவைக் கொல்கிறது. கோழை ஒரே இடத்தில் உறைந்து நிற்பதும் இல்லை. மேலே உள்ளது தண்ணீரோடு கழன்று போய்க்கொண்டே இருக்கும், கூடவே அதில் ஒட்டிய கிருமியும் போகும், அடியிலிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். டிஸ்கஸ் மீன்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கின்றன. முட்டையிலிருந்து வந்து நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய், தகப்பன் இரண்டின் பக்கவாட்டிலும் ஒட்டிக்கொண்டு அந்தக் கோழையைக் கொத்தித் தின்றுதான் வளர்கின்றன.

மீனை உலர்ந்த கையால் பிடிக்காதே, கையை நனைத்துக்கொண்டு பிடி என்று சொல்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. உலர்ந்த கையிலும் கரடுமுரடான வலையிலும் ஒட்டிக்கொண்டு வருவது வெறும் வழவழப்பு இல்லை, அதோடு சேர்ந்து மேல்தோல் செல்களும் வந்துவிடும். செதில் ஒன்று கூட உதிரவில்லையே, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பது தவறு. செதில் அப்படியே இருக்கும்போதே அதன் மேலிருந்த தோல் போயிருக்கலாம். நன்னீர் மீன் என்றால் அந்தத் திறந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே நுழையும், உப்பு வெளியே கசியும், பூஞ்சை மாதிரியானவை வந்து உட்காரும்.

ஆனால் அந்தக் காயம் மூடுகிற வேகம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. நம் தோலில் காயம் பட்டால் முதலில் இரத்தம் உறைய வேண்டும், பொருக்கு கட்ட வேண்டும், அதற்கடியில் செல்கள் மெதுவாக நகர வேண்டும். மீனில் சிறு காயம் என்றால் விளிம்பில் உள்ள மேல்தோல் செல்கள் பொருக்குக்காகக் காத்திருக்காமல் உடனே நகரத் தொடங்கி, சில மணி நேரத்தில் மேலே ஒரு மெல்லிய மூடி போட்டுவிடும். செல் பிரிந்து பெருகுவதெல்லாம் அப்புறம்தான். முதலில் இருக்கிற செல்களே இடம் பெயர்ந்து பரப்பை மூடுகின்றன.

அந்த நகர்ச்சியைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் விசேஷம். ஒரு செதிலைப் பிடுங்கி, வளர்ப்புத் திரவத்தில் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் படுக்க வைத்து, மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியை வைத்துச் சில மணி நேரம் விட்டால், செதிலோடு ஒட்டி வந்த மேல்தோல் செல்கள் கண்ணாடியில் இறங்கிப் பரவ ஆரம்பிக்கும். செதில் உயிரற்ற ஓடு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே போகும் செல் பிறை வடிவில் இருக்கும்: முன்னால் அகன்ற, மிக மெல்லிய விசிறி, பின்னால் நடுவில் கருவும் மற்றவையும் குவிந்த ஒரு உருண்டை. வடிவம் கொஞ்சமும் மாறாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும், நிமிடத்துக்குப் பத்து மைக்ரான், சில சமயம் அதற்கும் மேல். நம் உடம்பின் இணைப்புத் திசு செல் ஒன்று அதே நேரத்தில் ஒரு மைக்ரான்கூட நகராது. செல் எப்படி நகர்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் மீண்டும் மீண்டும் இந்த மீன் தோல் செல்லிடம் வந்ததற்குக் காரணம் இதுதான். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் செல்லிலிருந்து பிய்ந்த கருவே இல்லாத சிறு துண்டுகூடத் தானாக ஒரே திசையில் ஊர்ந்து போவதைக் காட்டினார்கள். 1991இல் ஜூலி தெரியாட், டிம் மிட்சிசன் என்ற இரு செல் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: செல் முன்னே போகும்போது விசிறியில் உள்ள ஆக்டின் இழைகள் தரையைப் பொறுத்தவரை இருந்த இடத்திலேயே நிற்கின்றன, முன் விளிம்பில் புதிதாகச் சேர்வதும் பின்னால் அவிழ்வதும்தான் நடக்கிறது. செல் முன்னே போகிறது, இழை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இது நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று.

2022இல் வந்த செய்தி இன்னும் ஆச்சரியம். வளரும் வரிக்குதிரை மீன் குஞ்சில் உடம்பு வேகமாகப் பெரிதாகும்போது வெளி வரிசைச் செல்கள் டிஎன்ஏவைப் பிரதி எடுக்காமலேயே பிரிகின்றன என்று கண்டார்கள். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகும், ஒவ்வொன்றிலும் மரபுப்பொருள் குறைந்துகொண்டே போகும். செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ இரட்டிக்க வேண்டும் என்று நாமெல்லாம் படித்தது பொதுவிதிதான், ஆனால் இங்கே அவசரம் பரப்பை மூடுவது. இந்தச் செல்கள் நிரந்தரமாக இருக்கப் போவதில்லை, பின்னால் முறையாகப் பிறந்த செல்கள் வந்து இடத்தை எடுத்துக்கொள்ளும், அதுவரை தோலில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓரம் வரை உயிருள்ள தோலை வைத்துக்கொண்டிருப்பதற்கு மீன் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

மேல்தோலின் நடு அடுக்கில் கெண்டை, கெளுத்தி வகையறாக்களில் வேறொரு செல் கிடைக்கும், பெரியது, உருண்டையோ கதாயுத வடிவமோ, நடுவில் கரு. கோழைச் செல் மாதிரி இதற்கு வெளியே திறக்கும் வாய் கிடையாது. தோல் கிழிந்தால்தான் உள்ளே உள்ளது தண்ணீரில் கலக்கும். 1938இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ், தேனீ ஆராய்ச்சிக்குப் பேர்போன அதே ஆள், காயம்பட்ட ஒரு சிறு மீனைக் கூட்டத்தோடு விட்டபோது மற்ற மீன்கள் வெருண்டு ஒதுங்கியதைப் பற்றி எழுதினார், அந்தப் பயத்துக்குக் காரணம் காயம்பட்ட தோலிலிருந்து வரும் பொருள்தான் என்றும் காட்டினார். 2012இல் வரிக்குதிரை மீனில் செய்த ஆய்வில் காண்ட்ராய்ட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள் அந்த எச்சரிக்கையில் ஒரு பங்கு என்று தெரிந்தது. அடிபட்ட மீனுக்கு இதனால் என்ன லாபம் என்பது நீண்ட நாள் விவாதம். இந்தச் செல்கள் முதலில் கிருமி, ஒட்டுண்ணி போன்றவற்றிலிருந்து தோலைக் காக்க வந்தவை, மற்ற மீன்கள் அந்த வாடையைக் கற்றுக்கொண்டது பிறகு என்ற விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

உணர்வு விஷயத்துக்கு வந்தால், கெளுத்தி மீனின் மேல்தோல் முழுக்கச் சுவை அரும்புகள். மீசையில் மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் வால் வரைக்கும். ஒரு கெளுத்தியின் உடம்பில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெட்டில் பார்த்தால் நீண்ட செல்கள் கட்டாகச் சேர்ந்து மேலே ஒரு சிறு துளையில் குவிவது தெரியும், நம் நாக்கில் உள்ளது போலவேதான். செதில் இல்லாத மீன் என்பதால் மேல்தோலும் நல்ல தடிமனாக இருக்கும், முதன்முதலில் மீன் தோல் வெட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கெளுத்தியைத்தான் சிபாரிசு செய்வேன். அப்புறம் பக்கக் கோட்டு உறுப்புகள்: கூழ் தொப்பிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்ச் செல்கள், தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும், செல்லுக்குத் தெரிந்துவிடும். நம் காதுக்குள் இருக்கும் மயிர்ச் செல்களின் உறவினர்கள்தான், ஆனால் மீனில் செத்தால் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது.

மேல்தோல் முடிந்து அடித்தோல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் நிறம் இருக்கிறது. மீனின் நிறம் மேல்பூச்சு இல்லை என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஒளி உயிருள்ள கண்ணாடி போன்ற மேல்தோலைக் கடந்து உள்ளே போய்த் திரும்பி வந்துதான் நம் கண்ணுக்கு நிறமாகிறது. கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று நிறமிச் செல்கள் தனித்தனியாக உண்டு. கறுப்புச் செல்லை ஒரு செதிலோடு எடுத்துப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி கிளைகள் விரிந்து கிடக்கும். பொட்டாசியம் அதிகமுள்ள உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் கண் முன்னாலேயே சில நிமிடங்களில் கறுப்புத் துகள்கள் கிளைகளிலிருந்து பின்வாங்கி நடுவில் ஒரு புள்ளியாகக் குவியும். பொட்டாசியம் அங்கேயே கிடக்கும் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது, அவை நார்அட்ரினலின் என்ற செய்திப் பொருளை விடுகின்றன, அதைக் கேட்டுத் துகள்கள் உள்ளே வருகின்றன. செல் சுருங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், கிளைகள் இருந்த இடத்திலேயே இருக்கும், வெறுமையாகிவிடும், அவ்வளவுதான். செல்லுக்குள் தண்டவாளம் மாதிரி ஓடும் நுண்குழாய்களின் மேல் துகள்களை வெளியே இழுத்துப்போவது கைனசின் என்ற புரதம், உள்ளே இழுத்து வருவது டைனீன் என்ற இன்னொரு புரதம்.

வெள்ளி நிறத்துக்கு நிறமியே இல்லை. மின்னும் செல்களுக்குள் குவானின் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. டிஎன்ஏவின் நாலு எழுத்துகளில் ஒன்றான அதே குவானின்தான். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.8, சுற்றியுள்ள செல் திரவத்துடையது தண்ணீரை ஒட்டியது, இந்த வித்தியாசமும் தகடுகளின் தடிமனும் இடைவெளியும் சேர்ந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. எரிக் டென்டன் 1960களில் இதை நுணுகிப் பார்த்துச் சொன்னது இன்னும் அழகு: ஹெர்ரிங் போன்ற மீன்களின் உடம்பு வளைவாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள தகடுகள் பெரும்பாலும் வளைவோடு சாயாமல் செங்குத்தாகவே நிற்கின்றன. கடலில் ஒளி மேலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக வருவதால், செங்குத்தான கண்ணாடியில் தெரியும் பிம்பமும் பின்னணியும் ஒன்றாகிவிடும், மீன் மறைந்துவிடும். இதற்கு நேர் எதிரானது ஆழ்கடல் மீன்கள். 2020இல் 16 இனங்களில் தோல் தன்மேல் விழும் ஒளியில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புவதை அளந்தார்கள். காரணம் அடித்தோலின் மேல்பகுதியில் இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் போட்ட மெலனின் துகள்கள். அவற்றின் அளவும் வடிவமும் எப்படி என்றால், விழுங்கத் தவறிய ஒளியும் வெளியே தெறிக்காமல் பக்கத்துத் துகளிடமே போய்ச் சேரும்.

இப்போது செதில். 1665இலேயே ராபர்ட் ஹூக் ஒரு தட்டைமீனின் செதிலை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து வெளியிட்டார். செதிலின் மேற்புறம் தாது ஏறிய கடினமான படலம், அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட மேடுகள். மீன் வேகமாக வளரும் பருவத்தில் இடைவெளி அகன்றும், வளர்ச்சி மந்தமாகும் பருவத்தில் நெருங்கியும் விழுவதால் குளிர்ப் பகுதி மீன்களின் வயதை இதை வைத்துச் சொல்கிறார்கள். அடிப்புறம்தான் என்னைக் கவர்வது: கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் ஒரு தாளில் ஒரே திசையில், அடுத்த தாளில் திசை மாறி, அதற்கடுத்ததில் இன்னும் மாறி, பிளைவுட் பலகை ஒட்டுவது போல அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தாளில் விழுந்த விரிசல் அடுத்த தாளில் நேராகப் போக முடியாது. அமேசானின் அரபைமா மீன் பிரானாக்களோடு ஒரே தண்ணீரில் வாழ முடிவது இந்த அடுக்கால்தான். மேலே உள்ள கடினப் படலம் பல்லை மழுக்குகிறது, கீழே உள்ள தாள்கள் இழுவிசையின் திசைக்குத் திரும்பிக்கொண்டு விசையை வாங்கிக்கொள்கின்றன.

சுறா இங்கே தனி. அதன் செதில் உண்மையில் ஒரு குட்டிப் பல், உள்ளே கூழ் அறை, சுற்றிப் பல்லின் உட்பொருளான டென்டின், மேலே எனாமல் மாதிரி ஒரு பூச்சு. இது மட்டும் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது, ஒருமுறை உருவானால் வளராது, விழுந்தால் புதிது முளைக்கும். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் அரம். வேகமாக நீந்தும் சுறாக்களில் இந்தப் பற்களின் மேல் நீளவாக்கில் வரிகள் ஓடும். 2012இல் ஓஃப்னர், லாடர் என்ற ஆய்வாளர்கள் சுறாத் தோலை ஒரு அசையும் தகட்டில் ஒட்டி நீந்த விட்டு, பிறகு பற்களைத் தேய்த்து நீக்கிவிட்டு நீந்த விட்டுப் பார்த்தார்கள், பற்கள் இருந்தபோது வேகம் சராசரியாக 12.3 சதவீதம் அதிகம். தகட்டை வளையாமல் விறைப்பாக வைத்தபோது அந்த லாபம் கிடைக்கவில்லை. உடம்பு வளையும்போதுதான் இந்தத் தோல் வேலை செய்கிறது.

வளைவதைப் பற்றிப் பேசும்போது அடித்தோலின் கீழ்ப்பகுதியையும் சொல்லிவிட வேண்டும். மேலே கொஞ்சம் தளர்வான அடுக்கு, அதில் இரத்தக் குழாய்கள், நரம்புகள், செதில் பைகள். அதற்குக் கீழே நெருக்கமான கொலாஜன் அடுக்கு, இழைகள் உடம்பைச் சுற்றி இடமாகவும் வலமாகவும் சாய்வாகச் சுற்றிக்கொண்டு போகும். ஸ்லைடில் இது இளஞ்சிவப்பில் அலையலையாகத் தெரியும், அழகான இடம், ஆனால் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். 1978இல் வெயின்ரைட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் நீந்தும் சுறாவின் தோலுக்கு அடியில் அழுத்தத்தை அளந்தார்கள், மெதுவாக நீந்தும்போது இருந்ததைவிட வேகமாக நீந்தும்போது பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. அழுத்தம் ஏற ஏறத் தோல் விறைக்கிறது, தசையின் இழுப்பை வால்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் தோலும் பங்கெடுக்கிறது என்பது அவர்கள் சொன்னது.

பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: வெட்டும் சாயமும் இல்லாமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். புதிய மீனிலிருந்து ஒரு செதிலைக் கழுவாமல், துடைக்காமல், இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஒரு சொட்டு உப்புக் கரைசலில் மேற்புறம் மேலே இருக்கும்படி வைத்து, மெல்லிய கண்ணாடி மூடுங்கள். குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள். பைக்குள் புதைந்திருந்த முன்பகுதி வெறுமையாக, வட்ட மேடுகளோடு தெளிவாகத் தெரியும். வால் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்பகுதி மங்கலாக இருக்கும், அந்த மங்கல் அழுக்கு இல்லை, அதுதான் மேல்தோல், தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள். பெருக்கத்தைக் கூட்டி, குவியத்தை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். முதலில் மேல்தோல் செல்களின் எல்லைகள், இன்னும் இறக்கினால் நட்சத்திரக் கறுப்புச் செல்கள், அதற்கும் கீழே செதிலின் மேடுகள். மின்னும் செல்கள் அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் மந்தமான பழுப்பாகத்தான் தெரியும். அடி விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்து ஒரு சிறு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.